மயிலாத்தாளுக்கு கேஸ்

ஆகஸ்ட் 4, திங்கள்

டேப்லெட் அனுப்புகிறோம் என்று கோயம்புத்தூரிலிருந்து போன வாரம் போனில் சொன்னார்கள். டாக்டர் உடனே மருந்து அலமாரியில் இரண்டு தட்டுகளைக் காலி செய்யச் சொன்னார். நானும் பழைய இருமல் சிரப்புகளை எல்லாம் இறக்கி, துடைத்து, தாள் விரித்து வைத்தேன். இன்று காலை கூரியரில் வந்த டப்பாவைப் பிரித்தால் உள்ளே சிலேட்டு மாதிரி ஒரு கம்ப்யூட்டர். டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை மூணு வேளைக்கு எப்படி முழுங்கறது தவமணி" என்றார்.

இந்த வெள்ளகோவில் கிளினிக்கில் இருபத்திரண்டு வருஷமாக டோக்கன் கொடுப்பது, பிரஷர் பார்ப்பது, ஊசிக்கு மருந்து எடுத்து வைப்பது, வரிசையில் வரும் சண்டையைத் தீர்ப்பது எல்லாம் நான். குழந்தைவேலு டாக்டர் நோயைப் பார்த்துக்கொள்கிறார். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சிலேட்டின் கதை இதுதான். எங்களைப் போன்ற பன்னிரண்டு சின்ன கிளினிக்குகளை ஒரு மருத்துவக் கல்லூரி இன்டர்நெட்டால் ஒன்றாகக் கோத்திருக்கிறது. நாற்பது வயது தாண்டியவர்கள் கேஸ் பிடித்திருக்கிறது, நெஞ்சு கரிக்கிறது என்று வந்தால், வயது, பிரஷர், அவர்கள் வாயால் சொன்ன வார்த்தை, ஈசிஜி எல்லாவற்றையும் சிலேட்டில் ஏற்ற வேண்டும். அந்த நிமிஷமே அது கோயம்புத்தூருக்குப் போய்விடும். பிறகு அங்கிருந்து நோயாளிக்கே போன் போட்டு விசாரிப்பார்கள். கேஸ் என்று வருகிறவர்களில் யாருக்கு நிஜமாகவே வாய்வு, யாருக்கு இதயம் என்று கண்டுபிடிப்பதுதான் ஆராய்ச்சி. பெரிய ஆஸ்பத்திரிக்கு எல்லாரும் முற்றிப்போன பிறகுதான் வருகிறார்கள், முதலில் வந்து உட்காருவது உங்கள் பெஞ்சில்தான், அதனால் அங்கேதான் கேட்க வேண்டும் என்கிறார்கள். அது நியாயம்தான். கூடவே ஒரு கையடக்க ஈசிஜி மெஷினும் கொடுத்திருக்கிறார்கள். டாக்டர் பத்து வருஷமாக ஆசைப்பட்ட மெஷின். அதைத் தொட்டிலில் கிடக்கிற பிள்ளையைப் பார்ப்பது போல எட்டி எட்டிப் பார்க்கிறார்.

கோயம்புத்தூர் ஆராய்ச்சி மையத்தில் ஷோபிகா என்று ஒரு பெண் இருக்கிறாள். "தினமும் என்ன சிரமம் வந்துச்சுன்னு ஒரு நோட்ல எழுதி வைங்க மேடம்" என்றாள். மருந்துக் கம்பெனி ரெப் கொடுத்த போன வருஷத்து டைரி கிடந்தது. தேதி சரி, கிழமைதான் ஒன்று பின்தங்கி நிற்கிறது. அடித்துத் திருத்தி எழுதுகிறேன். எழுதுவேன் என்றுதான் சொன்னேன், அவளுக்குக் காட்டுவேன் என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வரும்போது பன்னிரண்டாவது படியில் நின்று, கீழ் வீட்டு முருங்கை மரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். மாடிவீட்டுக்கு மொத்தம் பத்தொன்பது படி. முருங்கை நன்றாகத் தழைத்திருக்கிறது.

ஆகஸ்ட் 9, சனி

ஷோபிகா போன் செய்தாள். குரலில் ஒரு பயம்.

"மேடம், 'நோயாளி சொன்ன வார்த்தை'ங்கற இடத்துல இருபத்தி மூணு பேருக்கும் 'கேஸ்'னு போட்டிருக்கீங்க. என்ன கேஸுங்க மேடம்? போலீஸ் கேஸா?"

"வகுத்துல வர்ற கேஸு அம்மிணி."

"எங்க டேபிள்ல எல்லாரும் 'கேஸ் உறுதி'ன்னு விழுந்துருச்சுங்க. வெள்ளகோவில்ல இருபத்தி மூணு பேருக்கு ஹார்ட் அட்டாக்குன்னு சீஃப் டாக்டர் கார் எடுத்துட்டார். பாதி வழியில இருக்கார்."

சீஃப் டாக்டரைப் பல்லடத்தில் தடுத்து நிறுத்தி ஒரு டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்களாம். தப்பு என்னுடையது இல்லை. தமிழில் வாய்வுக்கும் கேஸ்தான், கோர்ட்டுக்கும் கேஸ்தான், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரும் கேஸ்தான். மூன்றுக்கும் ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய முடியும். இனிமேல் நோயாளி சொல்வதை ஒரு எழுத்து விடாமல் அப்படியே எழுதச் சொல்லி உத்தரவு.

ஆகஸ்ட் 18, திங்கள்

உத்தரவுப்படி எழுதுகிறேன். இன்றைய வரவு:

"நெஞ்சுக்குள்ளார அம்மிக்கல்லு வெச்சாப்ல இருக்குதுங்."

"பூனைக்குட்டி பெறாண்டறாப்ல."

"என்ற பொண்டாட்டி பேச ஆரமிச்சா வருதுங், அவ ஊருக்குப் போனா வர்றதில்லீங்." இதைச் சொன்னவர் பக்கத்தில் அந்த அம்மாவே உட்கார்ந்திருந்தார். வெளியே போய் என்ன நடந்தது என்று தெரியவில்லை, பெஞ்சு மட்டும் நகர்ந்த சத்தம் கேட்டது. அதையும் எழுதவா என்று ஷோபிகாவிடம் கேட்டேன். வேண்டாம் என்றாள்.

ஒன்று மட்டும் உதைக்கிறது. ஆண்கள் கொட்டுகிறார்கள், பெண்கள் பெயரைக்கூடச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். புருஷனைக் கூட்டி வருகிறார்கள், மாமியாரைக் கூட்டி வருகிறார்கள். உங்களுக்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டால் "எனக்கொண்ணுமில்லீங், அவரப் பாருங்" என்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்கிறார்கள். என்ன ஜென்மங்களோ. வாயைத் திறந்து சொன்னால் குறைந்தா போய்விடும்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கிளினிக் லீவு. கொழுக்கட்டை ஆறு. தண்ணீர்க் குடத்தை மேலே தூக்கி வந்தபோது நெஞ்சு அடைத்தது. கொழுக்கட்டை கேஸ். கீழ் வீட்டு அம்மா சோடா வாங்கி வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். சோடா எனக்குப் பிடிக்காது.

செப்டம்பர் 3, புதன்

பன்னிரண்டு கிளினிக்குக்கும் சேர்த்து ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. தினமும் சாயங்காலம் யார் எத்தனை ஏற்றினார்கள் என்று அதில் வரும். மூலனூர் கிளினிக்கின் கம்பவுண்டர் சென்னிமலை அந்தக் குழுவையே தன் வீட்டுத் தோட்டம் ஆக்கிக்கொண்டார். காலையில் ரோஜாப்பூவோடு குட்மார்னிங், பொழுதோடு எங்களுக்குக் குத்தல்.

இன்று மையத்திலிருந்து ஒரு கடிதம். ஆராய்ச்சிக்குப் பெண்கள் போதவில்லையாம். செப்டம்பர் 30-க்குள் ஒவ்வொரு கிளினிக்கும் நாற்பது பெண்களையாவது ஏற்ற வேண்டும். ஏற்றாத கிளினிக்கின் ஈசிஜி மெஷின் வேறு கிளினிக்குக்குப் போய்விடும். எங்கள் கணக்கில் பெண்கள் பத்தொன்பது. மூலனூரில் நாற்பத்தி நான்கு.

சென்னிமலை குழுவில் எழுதியிருக்கிறார்: "தவமணியக்கா, அந்த மெசின நல்லாத் தொடச்சு வைங்க. எங்க டாக்டரு தூசியிருந்தா கோவிச்சுக்குவாரு."

டாக்டர் அதைப் படித்துவிட்டு மெஷினைத் தானே எடுத்துப் போய் அலமாரியில் வைத்துப் பூட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

வேட்டையில் இறங்கிவிட்டேன். புருஷனுக்கு ஊசி போட வந்த பெண்களை மொத்தமாகப் பிடித்து உட்கார வைக்கிறேன். பிரஷர் பார்க்காமல் டோக்கன் கிடையாது என்று ஒரு சட்டம் போட்டேன். பட்டையை மாட்டி, காற்றை அடித்து, கை இறுகி ஓட முடியாத நேரத்தில் மெதுவாகக் கேட்டால் வாய் தானாகத் திறக்கிறது. முப்பத்தாறு ஆயிற்று.

மூன்று நாளாகக் கீழ்த்தாடையில் வலி. சொத்தைப் பல்லாக இருக்கும். கிராம்புத் தைலம் வைத்தேன். நடக்கும்போது வலிக்கிறது, உட்கார்ந்தால் இல்லை. விசித்திரமான பல்.

எட்டாவது படியில் நின்று கொண்டையை அவிழ்த்து முடிந்தேன்.

செப்டம்பர் 15, திங்கள்

முப்பத்தொன்பது. அதற்கு மேல் ஒரு பொம்பளை கிடையாது. வெள்ளகோவிலில் கேஸ் உள்ள பெண்கள் தீர்ந்துபோனார்கள். சென்னிமலை இன்று குழுவில் மெஷின் வைக்க மூலனூரில் வாங்கிய புது ஸ்டூலின் படத்தைப் போட்டிருந்தார். மேலே பூப்போட்ட துணி வேறு.

மதியம் டாக்டர் சாப்பிடப் போன நேரம். சிலேட்டு கையில் இருந்தது. என் விரல் தானாக ஓடியது.

பெயர்: மயிலாத்தாள். வயது: 55. முகவரி: முத்தூர் ரோடு, காளிமேடு, கடைசி வீடு. போன் நம்பருக்கு, மகள் ஓசூரிலிருந்து வாங்கிக் கொடுத்து நான் பயன்படுத்தாமல் வைத்திருக்கும் இரண்டாவது சிம். பிரஷர் காலியாக விட முடியவில்லை, என் கையிலேயே பட்டையைச் சுற்றிப் பார்த்துப் போட்டேன். 168. மயிலாத்தாளுக்கு உப்பு ஆகாது போலிருக்கிறது. ஈசிஜியைப் பத்து நாளுக்குள் எடுத்தால் போதும் என்று விதி இருக்கிறது, அதற்குள் அவளை வெளியூருக்கு அனுப்பிவிடலாம்.

நோயாளி சொன்ன வார்த்தை என்ற இடம் வந்தபோதுதான் கொஞ்சம் யோசித்தேன். கதை நம்பும்படி இருக்க வேண்டும். "படி ஏறுனா நெஞ்சுக்குள்ளார கேஸு அடைக்குதுங். நின்னாச் செரியாப் போயிருதுங்." எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். ஆணித்தரமாக இருந்தது. எனக்குள் இப்படி ஒரு கதாசிரியை இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.

நாற்பது. சென்னிமலைக்கு ஒரு ரோஜாப்பூ அனுப்பினேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

இன்று மயிலாத்தாளுக்கு போன் வந்தது. ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் கிடந்த போன் அலறியது. ஷோபிகாதான். என் குரல் அவளுக்குத் தெரியும், அதனால் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, குரலைக் கீச்சென்று ஆக்கிக்கொண்டு பேசினேன்.

"மயிலாத்தாம்மாங்களா? ஒடம்பு எப்படிங்க இருக்கு?"

"இருக்கறனுங் கண்ணு."

"நெஞ்சடைப்பு எப்பெப்போ வருதுங்க?"

"முந்தி தண்ணிக் கொடம் தூக்குனா வந்துச்சு. இப்ப வெறுங்கையோட ஏறுனாலே வருது. முந்தி பன்னெண்டு படி ஏறுவேன், அப்பறம் எட்டு, இப்ப அஞ்சுலயே நின்னு போறேன்."

"நின்னா சரியாகுதுங்களா?"

"நின்னாச் செரியாப் போயிருது."

"வேர்க்குதுங்களா? தாடை, தோள்பட்டை எங்கயாச்சும் வலிக்குதா?"

தாடை என்று அவள் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. பல் வலியைப் பற்றி மயிலாத்தாள் எதுவும் சொல்லவே இல்லையே. ஆமாம் என்றேன்.

"யாருகிட்டயாவது சொன்னீங்களாம்மா?"

"யாருகிட்டக் கண்ணு சொல்றது? புள்ளகிட்டச் சொன்னா வேலையப் போட்டுட்டு ஓடியாருவா. வேல செய்யற எடத்துல சொன்னா, போதும், ஊட்டுல உக்காருன்னு சொல்லிப்போடுவாங்க. ஊட்டுல உக்காந்துட்டு நான் செவுத்தப் பாத்துட்டா இருக்கறது?" பிறகு கீச்சுக் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. "என்ற ஊட்டுக்காரரும் கேஸுன்னுதான் சொன்னாரு. சோடா குடிச்சாச் செரியாப் போயிரும்னு கடைக்கு நடந்து போனாரு, திரும்பி வரல."

ஷோபிகாவின் பேச்சு வேகமாயிற்று. "தாமதிக்காம நாளைக்கே கிளினிக்குக்குப் போங்கம்மா. அங்க தவமணி மேடம்னு இருப்பாங்க. ரொம்ப நல்லவங்க. அவங்க பாத்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

நாடகம் நன்றாகத்தான் நடந்தது. சோடாவைப் பற்றி மட்டும் நான் முன்கூட்டி யோசித்து வைக்கவில்லை, அது எப்படி வந்து விழுந்தது என்று தெரியவில்லை. போனை வைத்த பிறகு பயமாக இருந்தது. மயிலாத்தாளை நினைத்துத்தான்.

செப்டம்பர் 20, சனி

நான் போகவில்லை. அதாவது, மயிலாத்தாள் வரவில்லை. நான் வழக்கம்போல டியூட்டிக்குப் போனேன்.

செப்டம்பர் 22, திங்கள்

வினை வந்துவிட்டது. காலையில் சிலேட்டைத் திறந்தால் மயிலாத்தாள் பெயர் ரத்தச் சிவப்பில் இருக்கிறது. 'நடந்தால் வருகிறது, நின்றால் போகிறது என்று சொல்கிறார். வாய்வு அல்ல, இதயமாக இருக்க வாய்ப்பு அதிகம். இன்றே மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும்.' ஒரு மாதமாகச் சிலேட்டைத் தொடாத டாக்டர் இன்று பார்த்துத் தொட்டார். எழுந்து செருப்பை மாட்டினார். "அந்தம்மா வரலீன்னா நாம போவோம். மெசின எடு. ஊடு உனக்குத் தெரியுமில்ல?"

தெரியும் என்று தலை ஆட்டினேன். அவர் ஸ்கூட்டரை வெளியே எடுக்கிறார், அதற்குள் இதை எழுதுகிறேன். கடவுளே.

செப்டம்பர் 26, வெள்ளி, கோயம்புத்தூர்

கையில் ஊசி குத்தியிருக்கிறது, அதனால் எழுத்து கோணல். திங்கட்கிழமை நடந்ததை இன்று எழுதுகிறேன்.

டாக்டரின் பழைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். காளிமேட்டுக்கு ஏறும் சந்தில் வண்டி போகாது. முனையில் இருந்த பெட்டிக்கடைக்காரரிடம் டாக்டர் மயிலாத்தாள் வீட்டைக் கேட்டார். அப்படி ஒருத்தரும் இல்லை என்று அவர் சொல்லுவார், ஏமாந்தோம் என்று திரும்பிவிடலாம் என்பது என் திட்டம். இந்தப் பக்கம் தெருவுக்கு ஒரு மயிலாத்தாள் இருப்பாள் என்பதை நான் யோசிக்கவில்லை.

"எந்த மயிலாத்தாளுங்? மேட்டு மயிலாத்தாளா, பள்ளத்து மயிலாத்தாளா?"

"கடைசி வீடு" என்றார் டாக்டர்.

"அப்ப மேட்டு மயிலாத்தாதானுங். நேரா ஏறிப் போங்."

டாக்டர் மெஷின் பையோடு விறுவிறுவென்று ஏறினார். நான் பின்னால். உச்சி வெயில். பத்தடி போயிருப்பேன், நெஞ்சில் அந்த அடைப்பு வந்தது. சுவரில் காதணி விழா போஸ்டர் ஒன்று இருந்தது, நின்று படித்தேன். மறுபடி பத்தடி. அங்கே போஸ்டர் இல்லை, வெறும் சுவர். அதையும் படித்தேன். ஜாக்கெட் தொப்பலாக நனைந்துவிட்டது.

எதிரே மேட்டிலிருந்து ஒரு கிழவி தலையில் புல்லுக்கட்டோடு திடுதிடுவென்று இறங்கி வந்தாள். எண்பது வயது இருக்கும். டாக்டர் அவளிடம், "மயிலாத்தாம்மா ஊடு எதுங்?" என்று கேட்டார்.

"மயிலாத்தா நானுந்தான். என்னங் வேணும்?"

டாக்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்கு நெஞ்சுல எதாச்சும் அடைக்குதுங்களா? கேஸு கீஸு?"

"எனக்கென்னங் கேடு? நாலு மாட்டுக்கு ஒத்தையாப் புல்லறுத்துப் போடறேன்." சொல்லிக்கொண்டே புல்லுக்கட்டை இறக்காமல் என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "இந்தம்மாளுக்குத்தான் ஒடம்புக்கு முடியலையாட்ட இருக்குதுங். மொகமெல்லாம் வெளுத்துப்போய்ச் செவுத்தப் புடிச்சுட்டு நிக்கறா பாருங்."

டாக்டர் திரும்பினார். இருபத்திரண்டு வருஷமாக அவருக்கு என் டோக்கன் தெரியும், என் சத்தம் தெரியும். அன்றைக்குத்தான் என்னை ஒரு நோயாளியைப் பார்ப்பது போல முதல் தடவை பார்த்தார். மெதுவாக இறங்கி வந்தார். என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நின்னாச் செரியாப் போயிருதா, தவமணி?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "மயிலாத்தா நாந்தானுங் டாக்டரு" என்றேன்.

"அதெப்படிங், நாந்தான மயிலாத்தா" என்றாள் கிழவி.

"ரெண்டு பேரும் பேசாதீங்க" என்றார் டாக்டர். என்னை அந்த மண்ணிலேயே உட்காரவைத்து, பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து மென்று முழுங்கச் சொன்னார். டாக்டர் ஜாக்கெட் பொத்தானைக் கழற்றச் சொன்னதும், யாரும் பார்த்துவிடக் கூடாதென்று மேட்டு மயிலாத்தாள் தன் புல்லுக்கட்டைப் பிரித்து, அதைக் கட்டியிருந்த சாக்கை என்னைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். அந்த மறைப்புக்குள், காளிமேட்டுச் சந்தில், நான் மூலனூருக்குப் போகவிடாமல் காப்பாற்றிய அந்த மெஷின் முதல் தடவையாக என் நெஞ்சைத் தொட்டது. ஜில்லென்று இருந்தது. கோடு சிலேட்டு வழியாகக் கோயம்புத்தூருக்குப் போயிற்று. நான்கு நிமிஷத்தில் பதில். ஏழாவது நிமிஷத்தில் டாக்டர் ஆம்புலன்ஸுக்கு போன் செய்துகொண்டிருந்தார்.

ஒரு குழாய் தொண்ணூறு சதவீதம் அடைத்திருந்ததாம். ஸ்டென்ட் வைத்தாயிற்று. இன்னும் ஒரு வாரம் நான் வேடிக்கை காட்டியிருந்தால் மகளுக்கு வேறு மாதிரி போன் போயிருக்கும் என்று இங்கே இருக்கும் டாக்டர் சொன்னார். மகள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. ஆரஞ்சு மட்டும் உரித்துக் கொடுக்கிறாள். உரிக்கிற வேகத்தைப் பார்த்தால் ஆரஞ்சுக்கே பாவமாக இருக்கிறது.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஷோபிகா நேரில் வந்தாள். சின்னப் பெண், கண்ணாடி போட்டிருக்கிறாள். கீச்சுக் குரலில் "இருக்கறனுங் கண்ணு" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"மேடம், மயிலாத்தா பதிவை அழிச்சுட்டோம். இல்லாத ஆளை வெச்சுக்க முடியாதுங்க." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள். "மத்த முப்பத்தொம்பது பேரும் நிஜம்தானுங்களா?"

ஸ்டென்ட் வைத்தபோதுகூட எனக்கு இப்படி வலிக்கவில்லை. ஒவ்வொருத்தர் பெயரையும் தெருவையும், என்ன சொன்னார்கள் என்பதையும் மனப்பாடமாகச் சொன்னேன். பத்தாவது பெயரில் அவளே என் கையைப் பிடித்து நிறுத்தினாள். ஆனாலும் டாக்டர் பழைய டோக்கன் நோட்டை எடுத்து முப்பத்தொன்பதையும் ஒத்துப் பார்த்து அனுப்பியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. அப்படித்தான் செய்ய வேண்டும். நான் விளையாடிய விளையாட்டால் அந்தப் பெண்கள் கஷ்டப்பட்டுச் சொன்னதெல்லாம் பொய் ஆகியிருக்கும். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆக, மறுபடி முப்பத்தொன்பது. மூலனூர் ஸ்டூலுக்கு யோகம்.

செப்டம்பர் 30, செவ்வாய்

இன்றுதான் கடைசி நாள். டிஸ்சார்ஜ் ஆகி மகள் காரில் கிளினிக் வழியாக வந்தோம். ஒரு நிமிஷம் நிறுத்தச் சொன்னேன். உள்ளே டாக்டர் சிலேட்டை மேஜையில் படுக்கவைத்து, ஒற்றை விரலால் ஏதோ குத்திக்கொண்டிருந்தார். வெளியே பதினாறு பேர் காத்திருந்தார்கள். நாற்பது நிமிஷமாகக் குத்துகிறாராம்.

எட்டிப் பார்த்தேன்.

பெயர்: தவமணி. வயது: 55. முகவரி சரி. பிரஷர் சரி. ஈசிஜி இணைத்தாயிற்று. நோயாளி சொன்ன வார்த்தை என்ற இடத்தில் இப்படி இருந்தது: 'ஒன்றும் சொல்லவில்லை.'

அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, எழுத்தைத் தேடித் தேடி இன்னொரு வரி குத்தினார்: 'மருத்துவரும் கேட்கவில்லை.'

அனுப்பு என்ற பொத்தான் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் காட்டினேன். நாற்பது.

"எப்பங் டியூட்டிக்கு வர்றது?" என்று கேட்டேன்.  ஊட்டுல உக்காரு என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

"ஒரு மாசம் கழிச்சு வா" என்றார் நிமிராமல். "உன்ற ஸ்டூல யாருக்கும் தரமாட்டேன்."

அக்டோபர் 22, புதன்

தீபாவளி முடிந்தது. முறுக்கு இரண்டுதான் கொடுத்தாள் மகள், எண்ணிக் கொடுத்தாள். ஓசூருக்குப் போகும்போது பதினோரு தடவை புத்தி சொல்லிவிட்டுப் போனாள்.

சென்னிமலை ரோஜாப்பூ அனுப்பியிருக்கிறார். "அக்கா, ஸ்டூலு சும்மாதான் கெடக்குது, வந்தா உக்காருங்க" என்று எழுதியிருந்தார். மூலனூரில் போன வாரம் இரண்டு பெண்கள், எனக்கொண்ணுமில்லீங் என்று சொன்னவர்கள், சிவப்பில் வந்து கோயம்புத்தூருக்குப் போனார்களாம். சரியான நேரத்தில் போனார்களாம்.

இன்று ஷோபிகாவின் போன். முப்பதாவது நாள் விசாரிப்பு. ஆராய்ச்சிக் கேள்வி என்பதால் அவளும் தாளைப் பார்த்துத்தான் கேட்டாள், நானும் என் சொந்தக் குரலில்தான் பேசினேன்.

"மாடிப்படி ஏறும்போது எங்கயாவது நிக்கறீங்களாங்க மேடம்?"

"பதினாறாவது படியில நிக்கறன் அம்மிணி."

அவள் குரல் மாறிவிட்டது. "ஏனுங்க மேடம், அடைக்குதா?"

"இல்ல கண்ணு. அங்கிருந்துதான் முருங்க மரம் தெரியும். பன்னெண்டுல நின்னா வெறுஞ் செவுருதான்."

அவளுக்குப் புரியவில்லை, இந்த டைரியின் முதல் பக்கத்தை அவள் படித்ததில்லை. அப்படியே எழுதிக்கொண்டாள்.